அப்டேட்: கார் கதவு திறக்கலன்னு போட்டிருந்தேன்ல, சரியாயிடுச்சு

கும்பகோணத்துல மகாமகக் குளத்துக்கிட்ட நிறுத்திட்டு வந்து ரிமோட்டை அமுக்கினா கதவே திறக்கலன்னு பொலம்பியிருந்தேன்ல, வண்டி மேல தப்பில்லங்க, சாவிக்குள்ள இருக்குற பேட்டரி காலி. நான் எல்லாக் கதவையும் ஒண்ணா பூட்டித் திறக்குற சென்ட்ரல் லாக்கே போச்சுன்னு பயந்துட்டேன்.

சாவி ஓரத்துல சின்னதா ஒரு பட்டனைத் தள்ளினா உள்ளேருந்து இரும்புச் சாவி ஒண்ணு வருது, மூணு வருஷமா கையில வச்சிருக்கேன், தெரியாது! அதைப் போட்டு டிரைவர் கதவைத் திறந்ததும் அலாரம் அடிச்சு ஊரைக் கூட்டிடுச்சு, பூக்கார அக்கா வேற ஒரு மாதிரி பாத்தாங்க. அப்புறம் மெக்கானிக் அண்ணன் போன்ல சொன்ன மாதிரி பிரேக்கை மிதிச்சுக்கிட்டு ரிமோட் சாவியாலயே ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன், கெளம்பிடுச்சு, அலாரமும் நின்னுச்சு. சில வண்டியில சாவியை வேற எடத்துல வைக்கணுமாம், மேனுவலைப் பாத்துக்கங்க.

நம்ம சாவிக்கு சிஆர் 2032ங்கிற பட்டன் பேட்டரி, வாட்ச் கடையிலயே கெடைச்சுது.