அம்மாவின் குருதியை அவருக்கே சேமிப்பது: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

வணக்கம். ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். முப்பது வருடங்கள் கொழுந்து பறித்த என் அம்மாவுக்கு இன்னும் ஆறு வாரங்களில் கண்டியில் இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை நடைபெறவுள்ளது. தம்பி பிறந்தபோது ஏற்றிய குருதியால் அவருடைய உடலில் பிறர் குருதியை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் (antibodies) உருவாகியிருப்பதால், பொருந்தும் குருதி கிடைப்பது கடினமென்றும், அவருடைய குருதியையே முன்கூட்டி எடுத்து வைப்பது பற்றி யோசிக்கலாமென்றும் வைத்தியர் கூறினார். உறவினர் பலர் குருதி தர முன்வந்துள்ளார்கள். ஆனால் அன்பு வேறு, பொருத்தம் வேறு அல்லவா?

எடுத்த குருதியை, அதனுடன் சேர்க்கும் திரவத்தைப் பொறுத்து, 35 அல்லது 42 நாட்களே குளிரூட்டியில் வைக்கலாம் என்பதையும், கடைசியாக எடுப்பதற்கும் சத்திரசிகிச்சைக்கும் இடையே குறைந்தது 72 மணித்தியாலங்கள் இருக்க வேண்டும் என்பதையும் அறிந்துகொண்டேன். ஹீமோகுளோபின் ஒரு டெசிலீற்றர் குருதியில் 11 கிராமுக்குக் குறைந்தால் பொதுவாக எடுக்க மாட்டார்கள்; அம்மாவுக்கு 11.4 தான் இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கிய கையோடு சாயத்தண்ணீர் குடித்தால் அந்தச் சத்து சரியாக உறிஞ்சப்படாது என்பதை, தேயிலைக்கு நடுவே வாழ்ந்தவருக்குப் புரியவைப்பதே பெரும்பாடாக இருக்கிறது.

இவ்வாறு குருதி கொடுத்தவர்களோ அவர்களுடைய குடும்பத்தினரோ இங்கே இருந்தால், எத்தனை தடவை எடுத்தார்கள், ஒவ்வொரு தடவைக்கும் எவ்வளவு இடைவெளி விட்டார்கள், கொடுத்த அன்றே மலைப்பாதையில் பஸ்ஸில் திரும்ப முடிந்ததா என்பதைத் தயவுசெய்து அறியத்தாருங்கள். கண்டியில் ஓரிரவு தங்குவதற்குச் செலவு குறைந்த இடம் தெரிந்தாலும் கூறுங்கள்.