28,000 ரூபாய் கேபிளும் களிம்பேறிய பழைய ஒயரும்

ஸ்பீக்கர் கேபிள் மாற்றியதும் சத்தம் தெளிந்தது என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கத்தான் எனக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று.

வீடு சென்னை திருவான்மியூரில், கடலுக்கு மூன்று தெரு தள்ளி. ஹாலில் ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் மீட்டர் கணக்கில் வாங்கிய செம்பு ஒயர்தான் ஒன்பது வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. இடது பக்கம் கொஞ்ச நாளாக அமுங்கிக் கேட்டது. ஸ்பீக்கருக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

புது ஸ்பீக்கர் பார்க்கப் போன கடையில், "ஒயரை மாத்திப் பாருங்க சார், அப்புறம் ஸ்பீக்கரைப் பத்திப் பேசலாம்" என்றார்கள். அவர்கள் காட்டிய கேபிள் ஜோடி 28,000 ரூபாய். வாங்கி வந்து மாட்டினேன். மிருதங்கத்தில் வலந்தலை தனியாக எழுந்தது, தம்புரா பின்னால் விரிந்தது. அன்று இரவு ஒரு மணி வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் மகள்தான் கேட்டாள், "கண்ணைக் கட்டிட்டா எது எதுன்னு சொல்லிடுவீங்களாப்பா?"

சட்டென்று மாற்ற வசதியாகப் பழைய ஒயரின் நுனிகளை வெட்டி, புதிதாகச் சீவி, செருகிக் கழற்றும் பனானா பிளக் போட்டாள். வால்யூமைத் தொடவில்லை. காசைச் சுண்டிப் பார்த்து எந்த ஒயர் என்று அவளே முடிவு செய்வாள். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன். 20 தடவையில் 11 சரி. கண்மூடித்தனமாகச் சொல்லியிருந்தாலே 10 வந்திருக்கும். அதைவிட முக்கியம், பழைய ஒயரிலும் வலந்தலை அதே மாதிரி எழுந்தது. இடது பக்கமும் அமுங்கவில்லை.

வெட்டிப் போட்ட நுனிகளைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தோம். செம்பு இழைகள் கறுத்துப்போய், ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு. உப்புக்காற்று தின்றிருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் பின்னால் இருந்த திருகும் அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. புது கேபிள் மாட்டும்போது அதைத் துடைத்து இறுக்கியது நான்தான். தெளிவு அங்கிருந்து வந்திருக்கிறது.

கணக்கும் அதையேதான் சொல்கிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.007 ஓம். ஸ்பீக்கர் 5 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 10 மீட்டருக்கு 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அதனால் குறையும் சத்தம் 0.1 டெசிபல்கூட இல்லை. அதற்காக நூல் மாதிரி ஒயர் போடாதீர்கள். 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அதே தூரத்துக்கு 4 ஓம் ஸ்பீக்கர் வைத்தால் முக்கால் டெசிபல் வரை போய்விடும். தடிமன் வேண்டும், விலை வேண்டியதில்லை.

2007இல், மோசடி அற்புதங்களை அம்பலப்படுத்தி வந்த மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரணக் கேபிளிலிருந்து காதால் பிரித்துக் காட்டினால் 10 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். அந்தச் சோதனை நடக்கவே இல்லை. நடந்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் ஆதங்கம் உண்டு.

ஓரிடத்தில் மட்டும் கேபிள் உண்மையாகவே பேசும்: ரெக்கார்ட் பிளேயர். அதில் ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜுக்குக் கேபிளின் மின்தேக்குதிறன் (கபாசிட்டன்ஸ்; கேபிள் நீள நீளக் கூடும்) ஒத்துவர வேண்டும். நண்பர் 3 மீட்டர் கேபிள் போட்டிருந்தார். பாடகியின் 'ச'வெல்லாம் சீறியது. 1 மீட்டராகக் குறைத்ததும் அடங்கிவிட்டது. அந்தக் கேபிள் 600 ரூபாய்.

இப்போது வருடா வருடம் ஆயுத பூஜைக்குச் செட்டைத் துடைக்கும்போது திருகுகளைக் கழற்றி, ஒயர் நுனியை அரை அங்குலம் வெட்டிப் புதுச் செம்பு தெரியச் சீவி மாட்டுகிறேன். ஓடுவது ரிச்சி தெரு ஒயர்தான்.