துக்க வீட்டில் உட்காரத் தெரியாதவனுக்கு உதவி வேண்டும்

ஸ்தோத்திரம். கோலாலம்பூர் செந்தூல் பக்கம் ஒரு சின்னத் தமிழ்ச் சபையில் வீட்டுச் சந்திப்புக்குப் போகிறவன் நான். போதகர் இல்லை, சாதாரண விசுவாசிதான்.

சபை அக்கா ஒருவரின் மகன் தற்கொலை செய்துகொண்டான். (அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.) முதல் நாளே, "கர்த்தருக்கு ஒரு திட்டம் இருக்கும் அக்கா" என்று சொல்லிவிட்டேன். எழுந்து அடுப்படிக்குப் போனவர் டீ ஆறும்வரை திரும்பவில்லை. வேதாகமத்தில், பிள்ளைகளை இழந்த யோபுவின் நண்பர்கள் 7 நாள் வாய் திறக்காமல் கூடவே உட்கார்ந்திருந்தார்கள்; பேச ஆரம்பித்த பிறகுதான் கெடுத்தார்கள். எனக்கு 7 நிமிடம்கூடத் தாங்கவில்லை.

அப்புறம் ஒருநாள் 88ஆம் சங்கீதம் வாசித்தேன். ஆறுதலே இல்லாமல், இருளில் முடிகிற சங்கீதம். "இன்னொரு தடவை வாசி தம்பி" என்றார்.

போன வாரம், "நானும் போய்விடலாமென்று தோன்றுகிறது" என்றார். அவர் சம்மதத்தோடு மகளிடம் சொன்னோம். இப்போது மகள் கூடவே இருக்கிறாள். மனவேதனையில் இருப்பவர்கள் கூப்பிட்டுப் பேசும் பிஃப்ரெண்டர்ஸ் உதவி எண்ணைக் கொடுத்தால், போலீஸ் வருமோ என்று பயம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டதைச் சொன்னேன். பாதிதான் நம்பினார்.

தமிழில் பேசும், கட்டணம் அதிகமில்லாத ஆலோசகர் இங்கே யாராவது தெரியுமா? போதகரிடம் சொல்லக் கூடாது என்கிறார். எங்கள் சபையில் ரகசியம் ஜெபக்குறிப்பாகி எல்லோருக்கும் தெரிந்துவிடும், அவர் பயம் நியாயம்தான். நீங்களாக இருந்தால் சொல்வீர்களா? வியாழக்கிழமை மறுபடி போகிறேன்.