திட்டத்தில் எழுதிவைத்த அனுமானங்களை யார், எப்போது சரிபார்ப்பது? கிடங்கு வேலை பாதியில் நிற்கிறது, உதவி தேவை

கோரையாற்றங்கரை:

வணக்கம். முத்துப்பேட்டைக்கு வடக்கே, கோரையாற்றுப் பாசனத்தின் கடைமடையில் எங்கள் உழவர் குழுவுக்காக ஒரு நெல் கிடங்கும் அதையொட்டி ஓர் உலர்களமும் கட்டி வருகிறோம். வேலையை ஒருங்கிணைப்பவன் நான். கட்டட வேலையில் ஆறு ஆண்டு அனுபவம் உண்டு. ஒரு திட்டத்தை முழுதாகப் பொறுப்பேற்று நடத்துவது இதுவே முதல் முறை.

பிப்ரவரியில் கடனுக்காகத் திட்ட அறிக்கை எழுதியபோது "அனுமானங்கள்" என்று ஒரு பக்கம் சேர்த்தேன். 31 வரிகள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை நானும் திறக்கவில்லை, குழுவில் வேறு யாரும் திறக்கவில்லை.

14ஆவது வரி இது: "கிளை வாய்க்காலில் ஜூன் கடைசி வரை தண்ணீர் வராது, லாரிகள் வாய்க்காலுக்குள் இறங்கி ஏறி வரலாம்." இந்த ஆண்டு (2025) ஜூன் 12 அன்று மேட்டூரையும் 15 அன்று கல்லணையையும் திறந்தார்கள். கடைமடைக்கு வந்து சேர இரண்டு வாரமாவது ஆகும் என்பது ஊர்க் கணக்கு. ஆனால் 21ஆம் தேதி காலை ஏழு மணிக்கு ஜல்லி ஏற்றி வந்த லாரி கரையிலேயே நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி, ஒன்றும் பேசாமல் வாய்க்காலைக் காட்டினார். வைக்கோல் துரும்பையும் நுரையையும் தள்ளிக்கொண்டு முதல் தண்ணீர் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. பெரியவர் ஒருவர் குனிந்து ஒரு கை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருடைய மகிழ்ச்சி எனக்கும் புரிந்தது. ஆனால் உலர்களத்துக்கு வேண்டிய ஜல்லியில் பாதி இன்னும் வரவில்லை. 180 மூட்டை சிமென்ட் கொட்டகையில் கிடக்கிறது.

அனுமானங்களை எழுதிவைத்தும் பயனில்லை என்றால் அவற்றை எப்படித்தான் கையாள்வது? இடருக்கும் அனுமானத்துக்கும் உள்ள வேறுபாடும் எனக்குக் குழப்பமாகவே இருக்கிறது.

மதகடி:

தம்பி, பணி ஓய்வு பெறும்வரை பாசனப் பிரிவில் இருந்தவன் நான். உங்கள் 14ஆவது வரியில் இரண்டு அனுமானங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மேட்டூர் எப்போது திறக்கும் என்பது ஒன்று. திறந்த தண்ணீர் உங்கள் வாய்க்காலுக்கு எத்தனை நாளில் வரும் என்பது மற்றொன்று. முதலாவது பலித்தது, இரண்டாவது கைவிட்டது. ஒரே வரியாக எழுதியதால் முதலாவது பலித்ததும் முழுவதும் சரியாக இருக்கிறது என்று இருந்துவிட்டீர்கள்.

முதலாவதையும் நம்ப முடியாது. ஜூன் 12 மரபு நாள், அவ்வளவுதான். 2017இல் அக்டோபர் 2, 2018இல் ஜூலை 19, 2019இல் ஆகஸ்ட் 13. 2022இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2023இல் ஜூன் 12 அன்று திறந்து, அணையில் இருப்பு இல்லாமல் அக்டோபர் 10 அன்று மூடினார்கள். 2024இல் ஜூலை 28. குறுவை போடுகிறவருக்குத் தாமதம்தான் அடி. வாய்க்காலுக்குள் லாரி இறக்குகிற உங்களுக்கு முன்னதாக வருவதுதான் அடி. எனவே நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது மரபு நாளை அல்ல, உங்களுக்கு மிக மோசமான நாளை. கனமான பொருள்கள் மே நடுவுக்குள் உள்ளே வந்திருக்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன்: இந்தக் கோடையில் உங்கள் வாய்க்காலைத் தூர்வாரினார்களா?

கோரையாற்றங்கரை:

ஆம் ஐயா, ஏப்ரல் கடைசியில். பொக்லைன் வேலை செய்ததை நானே நின்று பார்த்தேன்.

மதகடி:

பார்த்தும் பட்டியலைத் திருத்தவில்லை, பாருங்கள். இரண்டு வாரம் என்பது தூர்ந்துபோன வாய்க்காலின் கணக்கு. காட்டாமணக்கும் வண்டலும் போன பிறகு தண்ணீர் ஏன் காத்திருக்கப் போகிறது?

மேட்டூர் நீர்மட்டம் தினமும் செய்தித்தாளில் வருகிறது; முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. அது மேட்டூரின் நிலையைச் சொல்லும், உங்கள் மதகின் நிலையைச் சொல்லாது. அதற்கு மதகுகளைத் திறந்து மூடும் பாசன ஊழியரான லஸ்கரைத்தான் கேட்க வேண்டும். ஆறு மூன்றாகப் பிரியும் நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் கோரையாற்றுக்கு எவ்வளவு பிரித்து விடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

குடந்தைப் பெண்:

கும்பகோணத்தில் பிறந்து, சென்னையில் மென்பொருள் திட்டங்களை நடத்தி வருகிறேன். துறை வேறு, நோய் ஒன்றுதான்.

நிரூபணம் கையில் இல்லாமலே மெய்யென்று வைத்துக்கொண்டு திட்டம் போடுகிறோமே, அது அனுமானம். அது பொய்யாகலாம் என்ற சந்தேகம் எழுந்த அன்றே அதை இடராக எடுத்து மாற்று வழியை யோசிக்க வேண்டும். பொய்யாகிவிட்டால் அது சிக்கல். தூர்வாரும் இயந்திரத்தை நீங்கள் பார்த்த அன்று 14ஆவது வரி இடராக மாறியிருக்க வேண்டும். 21ஆம் தேதி நேராகச் சிக்கலாக வந்து நின்றது. கடன் தவணைத் தேதி போன்றவை இந்த வகையிலேயே சேராது. அவை வரம்புகள், நம்பினாலும் நம்பாவிட்டாலும் மாறாதவை.

பிஎம்ஐ (திட்ட மேலாண்மைக்கான பன்னாட்டுத் தொழில்முறை அமைப்பு) 2017இல் வெளியிட்ட திட்ட மேலாண்மை வழிகாட்டியில் அனுமானப் பதிவேடு என்பது தனி ஆவணமாகவே இடம்பெற்றது. திட்டம் முடியும்வரை அதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். என் பதிவேட்டில் ஒவ்வொரு வரிக்கும் நான்கு கட்டங்கள்: எதை வைத்து நம்புகிறோம், பொய்யானால் எந்த வேலை நிற்கும், எந்தத் தேதிக்குள் உறுதியாக வேண்டும், யார் பார்ப்பது. கடைசிக் கட்டத்தில் "குழு" என்று எழுதாதீர்கள். ஓர் ஆளின் பெயர் வேண்டும். "எதை வைத்து" என்ற கட்டம் காலியாக இருந்தால், அந்த வரியைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

31 வரிகளை யாராலும் கண்காணிக்க முடியாது. பொய்யானாலும் வேலை நிற்காது என்கிற வரிகளைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். மீதியை வாரம் ஒரு முறை, அடுத்த மூன்று வாரத்தில் எதற்குத் தேதி வருகிறது என்று மட்டும் பார்த்தால் போதும். எனக்குக் கால் மணி நேரம் ஆகிறது.

கோரையாற்றங்கரை:

நேற்று இரவு உட்கார்ந்து பிரித்தேன் அக்கா. ஒன்பது வரிகள் அனுமானங்களே அல்ல, ஒப்பந்த நிபந்தனைகள். ஒதுக்கியவை போக ஏழுதான் மிஞ்சின. ஐந்தாவது வரி "ஆகஸ்டில் மும்முனை மின் இணைப்பு கிடைக்கும்." எதை வைத்து அப்படி எழுதினேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. யாரோ சொன்னார்கள். அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது.

வலங்கைமான்:

தம்பி, அந்த ஏழில் ஆட்களைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? உங்களிடம் சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள் யார்? நடவு தொடங்கிவிட்டால் அவர்கள் வயலுக்குப் போவார்கள், போகத்தான் வேண்டும். எங்கள் ஊரில் சமுதாயக் கூடம் கட்டியபோது இதைத்தான் மறந்தோம். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் எழுதவில்லை. எழுதாததை யாரும் கேட்கவும் இல்லை. கொத்தனார் மட்டும் வந்து உட்கார்ந்திருப்பார். சிமென்ட் குழைக்க ஆள் இருக்காது.

இன்னொன்று. குறுவை அறுவடையோடு மழையும் சேர்ந்து வரும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல் திரும்பி வரும். உங்கள் உலர்களம் செப்டம்பர் நடுவில் தயாராக இல்லாவிட்டால் இந்த ஆண்டும் நெல் தார்ச்சாலையில்தான் காயும். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி வாருங்கள்.

கோரையாற்றங்கரை:

ஆட்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை அக்கா. இன்று காலை எட்டுப் பேர் வர வேண்டிய இடத்தில் மூன்று பேர் வந்தார்கள். இப்போது எட்டாவது வரியாகச் சேர்த்துவிட்டேன்.

மதகடி:

சிமென்ட்டைக் கவனியுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் மூட்டையில் கிடந்தால் வலிமை குறையும். மழைக்காலக் கொட்டகையில் இன்னும் மோசம். சுவரிலிருந்து ஓரடி தள்ளி, பலகைமேல் அடுக்கி, முதலில் வந்த மூட்டையை முதலில் எடுங்கள். ஜல்லியைச் சாலையோரம் இறக்கி, டிராக்டரில் கரை வழியாகக் கொண்டுபோகலாம். அதற்குப் பாசனப் பிரிவில் எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள். வாய்க்காலில் நீங்களாகக் குழாய் போட்டு மண் அடைத்துவிடாதீர்கள்; உங்களுக்குக் கீழேயும் வயல்கள் இருக்கின்றன.

கோரையாற்றங்கரை:

ஐயா, லஸ்கரைப் பார்த்தேன். மேட்டூரை வழக்கமாக மூடுகிற ஜனவரி 28 வரை இந்த வாய்க்கால் காயும் என்று எதிர்பார்க்காதே என்றார். டிராக்டர் நடைக்கு ஆகும் கூடுதல் செலவைக் கணக்கிட்டுக் குழுவின் முன் வைத்தேன்; ஒப்புக்கொண்டார்கள். கரைக்கான அனுமதி விண்ணப்பமும் கொடுத்தாயிற்று. பக்கத்து ஊரில் நேரடி விதைப்பு முடிந்துவிட்டதால் அங்கிருந்து ஐந்து பெண்கள் திங்கள் முதல் வருகிறார்கள்.

நாளை காலை மின்சாரப் பிரிவு அலுவலகத்துக்குப் போகிறேன். ஐந்தாவது வரியில் எழுத எனக்கு ஒரு தேதி வேண்டும். அதைச் சொன்னவர் யார் என்பதும் வேண்டும்.