இன்ஜினியர் மேல போட்ட கேஸ்: சமரசத்துக்குச் சம்மதிக்கலாமா?

கோரிமேட்டுக்காரன்:
வீடு கட்டி ரெண்டு மழைக்காலம் ஆச்சுங்க. மொட்டைமாடியில வாட்டம் சரியில்ல. மூலையில தண்ணி நின்னு, கீழ பையன் ரூம் சுவர்ல ஓதம் இறங்குது. பிளான் போட்டு மேற்பார்வை பார்த்த இன்ஜினியர் போனே எடுக்கிறதில்ல. சேலம் நுகர்வோர் ஆணையத்துல மனு ஏத்துக்கிட்டாங்க. முதல் வாய்தாவிலயே, சமரசம் பேசறதுன்னா அஞ்சு நாளுக்குள்ள சம்மதம் எழுதிக் கொடுங்கன்னாங்க. கொடுக்கலாமா?

செவ்வாய்ப்பேட்டை வாசி:
வேண்டாங்க. தப்பு அவர் பண்ணினது, நீங்க எதை விட்டுக்கொடுக்கிறது? அங்க பேசறது வெளிய வராது. தீர்ப்புன்னு ஒண்ணு வந்தாத்தான் அவர்கிட்ட அடுத்து வீடு கட்டப் போறவங்க உஷாராவாங்க.

அம்மாபேட்டை அக்கா:
நான் அதுல உக்காந்து எழுந்தவ தம்பி. எங்க வீட்டுக்காரரோட வருமான வரி ஃபைலை ஆடிட்டர் கொடுக்கவே இல்ல. சமரசம் பேசினவர் எங்களைத் தனித்தனியா கூப்பிட்டு விசாரிச்சார். ஆடிட்டருக்கு ஒரு வருஷ ஃபீஸ் பாக்கின்னு அப்பத்தான் எங்களுக்கே தெரிஞ்சது. அடுத்த தடவை ஆடிட்டர் ஃபைலை மஞ்சப் பையில கொண்டுவந்து, ஒவ்வொரு வருஷமா மேசையில எடுத்து வச்சார். பாக்கியைக் கொடுத்துட்டு வந்தோம். எனக்கு வேண்டியது நஷ்டஈடு இல்ல, அந்தப் பைதான்.

செவ்வாய்ப்பேட்டை வாசி:
அக்கா, ஃபைல்னா பையில வரும். மாடி வருமா? சரின்னு தலையாட்டிட்டு இழுத்தடிச்சா?

அம்மாபேட்டை அக்கா:
மூணு மாசம்தான் கெடு. பேச்சு முறிஞ்சா கேஸ் ஆணையத்துல தொடரும். முடிஞ்சா, கையெழுத்தான ஒப்பந்தத்தை வச்சே ஆணையம் உத்தரவு போடும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துலயே இருக்கு. அதை மீறினா உத்தரவை மீறினதுதான்.

ஏற்காடு அடிவாரம்:
எல்லாத்துக்கும் சமரசம் ஆகாதுங்க. டாக்டர் அலட்சியத்தால உயிர் போனாலோ கொடுங்காயம் ஆனாலோ சமரசத்துக்கு அனுப்பவே கூடாதுன்னு 2020 நுகர்வோர் சமரச விதி இருக்கு. அது நியாயம். வக்கீல் சேவை மேல புகார்னா, 2024 மே 14 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம் நுகர்வோர் ஆணையத்துக்கே போக முடியாது. உங்களது வீடு கட்டின விஷயம், சமரசத்துக்குப் போகலாம். ஆனா "சரி பண்ணித் தரேன்"னு மொட்டையா எழுத விடாதீங்க. தட்டோட்டைப் பேர்த்து வாட்டம் மாத்தணும், செலவு அவரோடது, எந்தத் தேதிக்குள்ள, முடிஞ்சதும் வேற இன்ஜினியர் முன்னால தண்ணி கட்டிப் பார்க்கணும். அத்தனையும் எழுத்துல வரணும்.

செவ்வாய்ப்பேட்டை வாசி:
இப்படி எழுதி வாங்கினா உங்க மாடி சரியாகும், ஒத்துக்கிறேன். அவர் இப்பக் கட்டிட்டிருக்கிற வீட்டுக்காரருக்கு யார் சொல்றது? அதுல நான் மாற மாட்டேன்.

கோரிமேட்டுக்காரன்:
நீங்க கேக்கறதுக்கு என்கிட்ட பதில் இல்லண்ணே. ஆனா நேத்து ராத்திரி மழையில பையன் கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டோம். நாளைக்குச் சம்மதம் எழுதிக் கொடுக்கறேன். தண்ணி கட்டிப் பார்க்கிற வரி இல்லாம கையெழுத்துப் போட மாட்டேன்.