தலைக்கு எத்தனை கிலோ?

மேலூர் வீட்டார் குழு, ஞாயிறு காலை

பெர்த் அண்ணன்: நேற்று வேலை இடத்தில் ஒருவர், "உங்கள் நாட்டு நெல் வயல்தான் உலகத்தைச் சூடாக்குகிறது" என்று சொல்லிவிட்டார். அப்பா நெல் போட்டுத்தான் என்னைப் படிக்க வைத்தார். மனசே ஆறவில்லை.

மேலூர் சித்தப்பா: நெல்லு என்ன புகையா விடுது?

நான்: புகை இல்லை சித்தப்பா. தண்ணீர் நின்றால் சேற்றுக்குள் காற்று போகாது. அதில் மக்கும் நெல் தாளும் வேரும் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு ஆகிறது. களை எடுக்க இறங்கினால் கால் வைத்த இடத்தில் மொட்டு மொட்டாகக் குமிழி வருமே, அதில் இருப்பது அதுதான். ஆனால் அதிகமாக வெளியேறுவது பயிரின் தண்டு வழியாக.

பெரிய அத்தை: அந்தக் குமிழியா! சின்ன வயசில் அதைத் தேடித் தேடி மிதிப்போம்.

நான்: அண்ணா, அவரிடம் கணக்கோடு பேசுங்கள். நம் அரசு ஐ.நா.வுக்குக் கொடுத்த 2016-ஆம் ஆண்டுக் கணக்கில் வேளாண்மை முழுவதும் சேர்த்து, எல்லா வாயுவையும் கரியமில வாயு அளவுக்கு மாற்றிச் சொன்னால், 40 கோடி டன் சொச்சம். பாதிக்கு மேல் ஆடு மாடு. நெல் வயல் 17 சதவீதம், உரம் விழுந்த மண் 19, தாள் எரிப்பது 2. ஆக, பயிரின் பங்கு 16 கோடி டன் கிட்ட. அப்போதைய 130 கோடிப் பேருக்கு வகுத்தால் தலைக்கு 120 கிலோ.

பெர்த் அண்ணன்: இங்கே?

நான்: அங்கே ஆஸ்திரேலியாவில் 2.7 கோடிப் பேர்தான். நல்ல மழை பெய்த வருடத்தில் 3 கோடி டன்னுக்கு மேல் கோதுமை விளைகிறது. தலைக்கு ஒரு டன்! யார் தின்ன முடியும்? பெரும்பகுதி கப்பலேறிவிடும். அந்தக் கோதுமைக்குப் போட்ட உரத்திலிருந்து வரும் வாயுவையும் அந்தச் சிறு கூட்டத்துக்கே வகுத்தால் எண் பெரிதாகத்தான் வரும்.

பெர்த் அண்ணன்: அப்போ இவர்கள்தான் மோசமா?

நான்: அதுவும் சரியில்லை அண்ணா. இந்தோனேசியாவில் ஒருவர் நூடுல்ஸ் சாப்பிடுகிறார், பழி ஆஸ்திரேலிய விவசாயி தலையில். அரிசி ஏற்றுமதியில் உலகிலேயே முதலிடம் நம் நாடு. அந்த அரிசியின் மீத்தேனும் நம் 120-க்குள் இருக்கிறது. இந்தக் கணக்கில் விளைவித்தவர் பெயர் இருக்கும், சாப்பிட்டவர் பெயர் இருக்காது. இதை வைத்து எந்த விவசாயியைக் குறை சொன்னாலும் எனக்குப் பொறுக்காது.

வாடிப்பட்டி மாமா: உரம் என்றாயே, என் மல்லிகைத் தோட்டத்துக்கு எவ்வளவும்மா?

நான்: யூரியா மூட்டை 45 கிலோ மாமா. அதில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், 20 கிலோ சொச்சம். அதில் நூற்றில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு வாயுவாகப் போகும் என்பது பொதுக்கணக்கு; ஆக்சிஜனும் சேர்வதால் வாயுவின் எடை 300 கிராம் சொச்சம். அது கரியமில வாயுவைவிட 273 மடங்கு சூடேற்றும். ஆக, கரியமில வாயு அளவில் மூட்டைக்குக் கிட்டத்தட்ட 90 கிலோ.

வாடிப்பட்டி மாமா: ஒரு மூட்டைக்கா! செடி எடுக்காமல் வீணாவதற்கு நான் காசு வேறு கொடுக்கிறேன். இனி பிரித்துப் பிரித்துத்தான் போடணும்.

மேலூர் சித்தப்பா: சரி தாயி, நெல்லுக்கு என்ன வழி?

நான்: காய்ச்சலும் பாய்ச்சலும்தான். நட்டு இரண்டு வாரம் கழித்து, தண்ணீர் மண்ணுக்குள் அரை அடி இறங்கும்வரை விட்டு மறுபடி பாய்ச்சுவது. பூக்கும் சமயம் மட்டும் காயவிடக் கூடாது. மீத்தேன் மூன்றில் ஒரு பங்காவது குறையும், தண்ணீரும் மிச்சம்.

மேலூர் சித்தப்பா: நாம கடைமடை. வாய்க்காலில் முறை வைத்து விடுறாங்க. வயலைக் காயப்போட்டு, அடுத்த முறைக்குத் தண்ணி வராவிட்டால்? வந்த தண்ணியைக் கட்டி வைக்கிறது பேராசையில் இல்லை, பயத்தில்.

நான்: நியாயம் சித்தப்பா. வாய்க்காலை மட்டும் நம்பியிருப்பவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. கிணற்றடி வயலில் மட்டும் பார்ப்போமா?

மேலூர் சித்தப்பா: அந்த அரை ஏக்கரில் செய்யலாம். அரை அடி இறங்கியது எப்படித் தெரியும்?

நான்: ஒரு அடி பிவிசி குழாய். கீழ்ப்பாதி முழுக்கத் துளை போட்டு மண்ணில் இறக்குங்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் தண்ணீர் மட்டம் தெரியும்.

மேலூர் சித்தப்பா: கொட்டகையில் நாலு அங்குலக் குழாய்த் துண்டு கிடக்கு. துளை போட மிஷின் யார்கிட்ட இருக்கு?

வாடிப்பட்டி மாமா: என்னிடம் இருக்கு மச்சான். சாயங்காலம் கொண்டு வாரேன்.