சனிக்கிழமை சாயங்காலம் சௌகார்பேட்டை

குழு: தாத்தா வீட்டுக் கூட்டம்

வியாழக்கிழமை

உமா சித்தி: எல்லாருக்கும் வணக்கம். நாங்க நாலு பேரும் நாளைக்கு நைட் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல கிளம்பறோம், சனிக்கிழமை விடிஞ்சா எக்மோர். கல்யாணம் ஞாயித்துக்கிழமை காலைலதான், சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வேலையும் இல்ல. வெளில போய் சாப்பிடணும்னு சுபா இப்பவே ஒத்தக்கால்ல நிக்கறா

சுபா: சாப்பாடு இல்லம்மா, ஸ்வீட்டு!! சென்னைல மட்டும் கிடைக்கற ஐட்டமா இருக்கணும்

பிரவீன்: எங்க ஏரியாவுக்கு வாங்க அத்தை. வேளச்சேரி மால்லயே வாஃபிள், லாவா கேக், ஐஸ்கிரீம் ரோல் எல்லாம் ஒரே மாடில இருக்கு. ஏசி வேற

வித்யா: அதெல்லாம் திருச்சி தில்லைநகர்லயே கிடைக்குது பிரவீன், அதுக்கு எதுக்கு அவங்க நைட் ட்ரெயின்ல வரணும்

வித்யா: சித்தி நேரா சௌகார்பேட்டை போயிடலாம். நான் கூட்டிட்டு போறேன்

சித்தப்பா: அந்த கூட்டத்துலயா? நான் பைப் வாங்க ஒரு தடவ கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்கு வந்து வெளில வர வழி தெரியாம நின்னேன்மா

வித்யா: நீங்க பகல்ல வந்திருப்பீங்க சித்தப்பா, லோடு வண்டி எல்லாம் நிக்கற நேரம். ஆறரைக்கு மேல போனா மொத்த வியாபாரக் கடைங்க ஷட்டர் இறக்க ஆரம்பிச்சிருவாங்க, அதுக்கு அப்புறம்தான் சாப்பாட்டு கடைங்க களைகட்டும். வண்டி மட்டும் எடுத்துட்டு வரக்கூடாது, எக்மோர்ல மெட்ரோ ஏறி சென்ட்ரல்ல லைன் மாறி ஹைகோர்ட்ல இறங்கினா என்.எஸ்.சி. போஸ் ரோட்லயே நேரா நடந்து பூக்கடை தாண்டி மின்ட் ஸ்ட்ரீட் போயிடலாம்

அம்மா: நடுவுல கந்தகோட்டம் இருக்கே, முருகனைப் பாத்துட்டு அப்புறம் சாப்பிடப் போங்க. வள்ளலார் சின்ன வயசுல பாடின சன்னதி. உமா நீ வந்து எவ்ளோ வருஷம் ஆச்சு

உமா சித்தி: ஆமாக்கா ரொம்ப வருஷம். கண்டிப்பா போகணும்

கணேஷ் மாமா: 🎤 வாய்ஸ் மெசேஜ்

பிரவீன்: அப்பா டைப் பண்ணுங்க, எல்லாரும் ஆபீஸ்ல இருக்காங்க

கணேஷ் மாமா: சரி. நான் பாரிஸ் கார்னர் பிராஞ்சுல வேலை பாத்தவன், அந்த ஏரியா எனக்கு அத்துப்படி. அவ்வளவு தூரம் வந்துட்டு பர்மா பஜார் பக்கம் செகண்ட் லைன் பீச்ல அத்தோ சாப்பிடாம போகக்கூடாது. முதல்ல அது, அப்புறம் தங்கசாலைத் தெரு, அதான் வித்யா சொன்ன மின்ட் ஸ்ட்ரீட்.

சுபா: அத்தோன்னா என்ன மாமா?

கணேஷ் மாமா: நூடுல்ஸ்தான், ஆனா சைனீஸ் கடை மாதிரி அடுப்புல போட்டு வதக்கறது கிடையாது. வெந்த நூடுல்ஸை ஒரு பாத்திரத்துல போட்டு முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரிச்ச வெங்காயம், புளித்தண்ணி, எலுமிச்சை, மிளகாய்த்தூள், மேல பேஜோன்னு ஒரு மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போட்டு கையாலயே பிசைஞ்சு தருவாங்க. கூட வாழைத்தண்டு சூப் ஒரு கப். 1962ல பர்மால ராணுவம் ஆட்சியைப் பிடிச்சதும் அங்க தலைமுறை தலைமுறையா இருந்த நம்ம ஜனங்க கடை கண்ணி எல்லாம் விட்டுட்டு கப்பல் ஏறி வந்தாங்க. வந்து இறங்கின துறைமுகத்துக்கு எதிர்லயே பஜார் போட்டு உக்காந்து, தெரிஞ்ச சாப்பாட்டை வித்து பிழைச்சாங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் ரங்கூன்ல பொறந்தவர், அவர்தான் எனக்கு முதல்ல வாங்கித் தந்தது.

உமா சித்தி: கேக்கவே ஒரு மாதிரி இருக்குண்ணா. கண்டிப்பா சாப்பிடறோம்

வித்யா: மாமா சூப்பர், ஆனா அத்தோவ ரெண்டு ப்ளேட் வாங்கி எல்லாரும் பங்கு போட்டுக்கணும் சொல்லிட்டேன். ஆளுக்கு ஒரு ப்ளேட் சாப்பிட்டா அங்கயே வயிறு ரொம்பிடும். சௌகார்பேட்டைல எதையும் முழுசா வாங்கக்கூடாது, ஒண்ணு வாங்கி நாலு கை அதுலயே போகணும், அப்பதான் நாலஞ்சு கடை பாக்க முடியும். மதியம் வீட்டுல ரசம் சாதம் மட்டும்தான் போடப்போறேன் யாரும் கோச்சுக்காதீங்க

சித்தப்பா: எனக்கு சுகர் இருக்கு, நான் வேடிக்கைதான்

வித்யா: உங்களுக்கு சீனா பாய் கடை இருக்கு சித்தப்பா. சாயங்காலம் மட்டும்தான் திறப்பாங்க. நெய் இட்லி, சின்னதா தட்டையா இருக்கும், மேல பொடி, அதுக்கு மேல நெய். ஊத்தப்பமும் அதே மாதிரி குட்டி குட்டியா. ஸ்வீட் ஒரு வாய் போதும் உங்களுக்கு

சித்தப்பா: நெய்யும் ஒரு வாயோட நிறுத்திக்கிறேன் 🙏

பிரவீன்: நானும் வரேன். ஆனா அங்க போய் ஜிலேபி தானே? ஜாங்கிரி எல்லா ஸ்வீட் ஸ்டால்லயும் இருக்கே

வித்யா: டேய் ஜாங்கிரி வேற ஜிலேபி வேற. ஜாங்கிரி உளுந்து அரைச்சு சுத்தறது, ஆறினாலும் மறுநாள் கூட நல்லா இருக்கும், அதான் கல்யாண சீர்ல வைக்கறோம். ஜிலேபிக்கு மைதா மாவை புளிக்க வைப்பாங்க, அந்த லேசான புளிப்புதான் அதுக்கு உயிரே. மொறுமொறுன்னு உள்ள பாகு நிக்கற அந்த பதம் சட்டிலேர்ந்து எடுத்து கொஞ்ச நேரம்தான், அப்புறம் தொவண்டு போயிடும். டப்பால போட்டு ஆப்ல ஆர்டர் பண்ணி சாப்பிட்டவங்க யாரும் ஜிலேபி சாப்பிட்டதா நான் ஒத்துக்கவே மாட்டேன்

சுபா: வித்யாக்கா 🔥🔥

அம்மா: இவ இப்படித்தான், வீட்டுல நான் கேசரி கிண்டினாலும் அடுப்பு பக்கத்துலயே நின்னு சாப்பிடுவா

சனிக்கிழமை

உமா சித்தி: கோயில் முடிஞ்சுது. நல்ல தரிசனம். பூக்கடைல ஒரு முழம் மல்லி வாங்கி வெச்சுக்கிட்டோம்

வித்யா: பிரவீன் எங்க இருக்க

பிரவீன்: ஹைகோர்ட் ஸ்டேஷன் வெளில வந்துட்டேன் அப்பாவோட

கணேஷ் மாமா: நாங்க அத்தோ கடைல நிக்கிறோம் வாங்க. பேஜோ பார்சலும் சொல்லிட்டேன்.

சுபா: 📷 படம்

சுபா: அத்தோ!!! கேக்கறப்ப என்னவோன்னு நெனச்சேன் புளிப்பு காரம் மொறுமொறு எல்லாம் ஒண்ணா வருது. அந்த அண்ணா கை போற ஸ்பீட் பாத்தீங்களா, ஒவ்வொரு டப்பாலேர்ந்தும் ஒரு சிட்டிகை, அளவே பாக்கல, ஆனா ரெண்டு ப்ளேட்டும் ஒரே ருசி

அம்மா: தருண் என்ன சாப்பிட்டான்

உமா சித்தி: சூப் மட்டும் ரெண்டு கப் குடிச்சிருக்கான்க்கா. வீட்டுல வாழைத்தண்டு பொரியல் வெச்சா ஓடுவான்

வித்யா: மின்ட் ஸ்ட்ரீட் வந்தாச்சு. அம்மா நீயும் வந்திருக்கலாம், முழங்கால் வலி பரவாயில்லன்னா அடுத்த வாரம் ஆட்டோல கூட்டிட்டு வரேன்

வித்யா: 📷 படம்

வித்யா: இது காக்கடா ராம்பிரசாத் ஸ்வீட் கடை வாசல். பாரு அந்த சட்டிய. மாவை துணில கட்டி ஓட்டை வழியா சுத்தி சுத்தி விடறார், ஒரு சுத்து முடிஞ்சு கை தூக்காமலே அடுத்த சுத்து, மொத்த சட்டியும் ஒரே சங்கிலி மாதிரி ஆயிடுது. ஓரம் செவக்கறப்ப ஒரு கம்பியால திருப்பி அப்படியே பாகுல முக்கி எடுத்து தட்டுல

சுபா: நான் நூறு கிராம் வாங்கினேன் அது ரோட்டைத் தாண்டறதுக்குள்ள காலி. விரல் சுட்டுது ஆனா நிறுத்த முடியல

சித்தப்பா: ஒரு வளையம் சாப்பிட்டேன். ஒத்துக்கறேன் வித்யா. நம்ம ஊர்ல கண்ணாடி பெட்டிக்குள்ள வெச்சிருக்கறது இதுக்கு ஒரு உறவும் கிடையாது

வித்யா: 😍😍 அதான் சித்தப்பா

பிரவீன்: முறுக்கு சாண்ட்விச் சாப்பிட்டீங்களா யாராவது? ரெண்டு முறுக்கு நடுவுல வெள்ளரிக்கா தக்காளி பச்சை சட்னி. நான் ரெண்டாவது வாங்கப் போறேன்

கணேஷ் மாமா: நாங்க வேலை பாத்த காலத்துல இதெல்லாம் இல்ல. ஆனா நல்லா இருக்கு. மார்வாடி சட்னியும் நம்ம முறுக்கும் ஒரே தெருவுல பல தலைமுறையா பக்கத்து பக்கத்துல இருந்தா இப்படித்தான் ஒண்ணு பொறக்கும். அதே தெருவுல ஜெயின் கோயிலும் இருக்கு, ஏகாம்பரேஸ்வரர் கோயிலும் இருக்கு.

உமா சித்தி: இப்ப பாதாம் பால் கைல வெச்சிருக்கேன். ஆடையோட குடுத்தாங்க. சுபாவுக்கு ரபடி வேணுமாம், பெரிய வாணலில பால் காய்ஞ்சு காய்ஞ்சு ஓரத்துல ஒட்டற ஆடைய எடுத்து எடுத்து சேக்கறாங்க, எவ்ளோ பொறுமை வேணும்

அம்மா: பால்கோவா கிண்டற மாதிரியா?

வித்யா: இல்லம்மா அதுக்கு கிண்டிக்கிட்டே இருக்கணும், இதுல ஆடை உடையாம வரணும். வாய்ல போட்டா அந்த ஏடு ஏடா தெரியும். விலை கொஞ்சம் ஜாஸ்தின்னு சித்தி சொன்னாங்க, எனக்கு அப்படி தோணல, அவ்ளோ பால் வத்தி இவ்ளோதானே கெடைக்குது

சித்தப்பா: சீனா பாய் கடைல க்யூ. நானும் மச்சானும் நிக்கிறோம். நீங்க மெதுவா வாங்க

கணேஷ் மாமா: மாப்ளை இட்லி தட்டைப் பாத்ததும் ஒரு வாய் சத்தியத்தை மறந்துட்டார்.

சித்தப்பா: நாளைக்கு காலைல நடந்துடறேன் மச்சான்

உமா சித்தி: வித்யா, ஊருக்கு பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு ஒரு கிலோ ஜிலேபி வாங்கிடவா?

வித்யா: வேண்டாம் சித்தி ப்ளீஸ். ட்ரெயின்ல போற நேரத்துக்கு அது கயிறு மாதிரி ஆயிடும், பாவம் அவங்க இதான் சென்னை ஜிலேபின்னு நெனச்சுப்பாங்க. ஊருக்கு கொண்டு போகணும்னா திருவல்லிக்கேணி பாஷா அல்வாவாலா கடைல தம்ரூட் வாங்கிக்கோங்க. ரவை, கோவா, நெய், மேல செவந்து ஒரு தோல் மாதிரி இருக்கும், உள்ள கெட்டியா. ஆறினா அதுக்கு ஒண்ணும் ஆகாது

பிரவீன்: நாளைக்கு மண்டபம் மயிலாப்பூர் தானே, போற வழிலயே திருவல்லிக்கேணி. நான் பைக்ல போய் வாங்கிட்டு வந்துடறேன் அத்தை, எவ்ளோ வேணும் சொல்லுங்க

உமா சித்தி: ரெண்டு கிலோப்பா, அரை அரை கிலோவா கட்டச் சொல்லு

சுபா: மயிலாப்பூர்ல ரோஸ் மில்க் இருக்குல்ல வித்யாக்கா, கிழக்கு மாட வீதி?

வித்யா: காளத்தி கடை. 1927லேர்ந்து இருக்கு, சின்னூண்டு கடை, நின்னுட்டே குடிச்சுட்டு கிளாஸ குடுத்துட்டு வரணும். மண்டபத்துல சாப்பாட்டுக்கு முன்னாடியே போயிடலாம், பாயசம் சாப்பிட்ட நாக்குக்கு ரோஸ் மில்க் தெரியாது

அம்மா: மாப்பிள்ளை அழைப்புக்கு போறதா ரோஸ் மில்க்குக்கு போறதா நீங்க எல்லாம்?

வித்யா: முகூர்த்தம் ஒன்பதரைக்கு மேலதான்மா, அதுக்குள்ள வந்துடுவோம். உனக்கு ஒரு பாட்டில்ல வாங்கிட்டு வரேன்

அம்மா: சரி. ஐஸ் போடாம வாங்கு

கணேஷ் மாமா: நாங்க ஹைகோர்ட் ஸ்டேஷன் பக்கம் நடக்க ஆரம்பிச்சுட்டோம். தருண் என் கூட இருக்கான், தேடாதீங்க.

உமா சித்தி: வந்துட்டோம் அண்ணா, பிரவீன் இன்னும் ஒரு பாதாம் பாலாம். அஞ்சு நிமிஷம்